பிளக் குத்தாதவருக்கு எதுக்கு பிளக்-இன் ஹைபிரிட்?

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடை தளர்ந்ததில் இருந்து எங்கட ஆக்களின் கதைக்குள் ஒரு புதுச் சொல் புகுந்திருக்கிறது: பிளக்-இன் ஹைபிரிட். கலியாண வீட்டுப் பந்தியிலும் இதுதான் கதை, குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் இதுதான் கதை. விற்கிறவர் சொல்லுவார்: "தம்பி, இது கறண்ட் கார்தான். பெற்றோல் சும்மா ஒரு பாதுகாப்புக்கு." இதைக் கேட்டு எரிச்சல்பட்ட இன்னொருத்தர் சொல்லுவார்: "உது சுத்தப் பேய்க்காட்டல். பெற்றோல் காருக்கு வயர் ஒண்டைக் கொழுவி விலையைக் கூட்டி விக்கினம்."

இரண்டு பேரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். காரைப் பார்க்கிறார்கள், காரின் சொந்தக்காரரைப் பார்க்கவில்லை. பிளக்-இன் ஹைபிரிட் எவ்வளவு தூரம் மின்சாரத்தில் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது, வீட்டுக்கு வந்தவுடன் வயரைக் கொழுவுகிற கை. ஆனால் விளம்பரத்தில் இருக்கிற எண்ணும், அந்த எண்ணை நம்பிக் கொடுக்கப்படுகிற வரிச் சலுகையும், அந்தக் கை எப்போதும் கொழுவும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகின்றன. என்ர சண்டை அந்த எண்ணோடுதான்.

சண்டை பிடிக்க முதல் மிஷின் எப்படி வேலை செய்யுது எண்டு விளங்க வேண்டும்.

பொனெற்றுக்குக் கீழே

எங்கட வீதியெல்லாம் ஓடுகிற ரொயோட்டா அக்வாவை எடுத்துக்கொள்ளுங்கோ. அது ஹைபிரிட்தான். ஆனால் அதற்குள் போகிற சக்தி முழுவதும் பெற்றோல் செட்டில் இருந்துதான் வருகிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகிற சக்தியைச் சின்னப் பற்றரி ஒன்றில் பிடித்து வைத்து, புறப்படும்போது திரும்பக் கொடுக்கும். அவ்வளவுதான். பிளக்-இன் ஹைபிரிட்டில் பற்றரி பல மடங்கு பெரிசு. சுவரில் இருந்தும் சார்ஜ் ஏற்றலாம். அதாவது ஒரே காருக்கு இரண்டு வாசல்: ஒன்று செட்டில், மற்றது வீட்டில்.

இரண்டு வாசல் ஏன் தேவை? ஒரு லீற்றர் பெற்றோலுக்குள் ஏறத்தாழ 9 யூனிற் சக்தி இருக்கிறது. (யூனிற் என்றால் மின்சாரப் பில்லில் வருகிற அதே கிலோவாட் மணிதான்.) எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாலே கெட்டித்தனம். மிச்சம் சூடாகி, றேடியேற்றராலும் சைலன்சராலும் காற்றோடு போய்விடும். மின் மோட்டார் அப்படியில்லை. வாங்குகிற சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சுழற்சியாக்கிவிடும். காலி வீதியில் காலி நெரிசலுக்குள் நிண்டு நிண்டு போகிற காரில் எஞ்சின் ஆக மோசமாக வேலை செய்யும். மோட்டார் ஆக நன்றாக வேலை செய்யும். நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் போகும்போது எஞ்சினுக்கும் மரியாதை வரும். ஒவ்வொன்றையும் அதற்கேற்ற இடத்தில் பாவிப்பதுதான் இந்தக் காரின் மூளை. எண்ணமாகப் பார்த்தால் அருமையான எண்ணம்.

எப்ப எதைப் பாவிப்பது என்பதில்தான் கம்பனிக்குக் கம்பனி வித்தியாசம். ஆரம்பத்தில் வந்த மூன்று கார்களைப் பார்த்தால் விசயம் தெளிவாக விளங்கும்.

2010 இறுதியில் அமெரிக்காவில் ஷெவ்ரோலெ வோல்ட் வந்தது. 16 யூனிற் பற்றரி. அதில் பத்து யூனிற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஓட்டத்துக்கு எடுக்க விடுவார்கள். பற்றரி கெடாமல் இருக்க மேலேயும் கீழேயும் கொஞ்சம் விட்டு வைப்பார்கள். சார்ஜ் இருக்கும் வரைக்கும் அக்சிலரேற்றரை எவ்வளவு மிதித்தாலும் வழமையான ஓட்டத்தில் எஞ்சின் விழிக்காது. அமெரிக்க அரசின் கணிப்பில் அப்படி 35 மைல், அதாவது சுமார் 56 கிலோமீற்றர். சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்த பிறகு எஞ்சின் விழித்து மின்சாரம் உற்பத்தி செய்யும். வேகம் கூடின நேரத்தில் சக்கரத்துக்கும் கொஞ்சம் கை கொடுக்கும். இந்தக் கடைசி விசயம் வெளியில் வந்தபோது, "மின்சாரக் கார் எண்டீங்களே" என்று அங்கத்தைய வாகனப் பத்திரிகையாளர்கள் கொதித்தார்கள். பெயருக்காகப் பிடிக்கிற சண்டை அப்பவே தொடங்கிவிட்டது.

2012 மொடல் பிரியஸ் பிளக்-இன்னில் ரொயோட்டா வேறு வழியில் போனது. பற்றரி 4.4 யூனிற் மட்டும். மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டினாலோ, முந்துவதற்காக இறுக்கி மிதித்தாலோ, பற்றரியில் சார்ஜ் இருக்கும்போதே எஞ்சினும் சேர்ந்துகொள்ளும். இரண்டையும் கலந்து ஓடுகிற இந்த முறைக்கு அமெரிக்க அரசின் அட்டை கொடுத்த தூரம் 11 மைல். அந்த 11 மைலுக்குள்ளேயும் கொஞ்சம் பெற்றோல் எரியும் என்று அந்த அட்டையே நேர்மையாகப் போட்டிருந்தது.

மூன்றாவது, 2013இல் வந்த மிட்சுபிஷி அவுட்லாண்டர். பாவித்த வாகனமாக இறங்கி எங்கட வீதியிலும் ஓடுகிறது. 12 யூனிற் பற்றரி, முன்னுக்கு ஒரு மோட்டார், பின்னுக்கு ஒரு மோட்டார், 2 லீற்றர் எஞ்சின். இதற்கு மூன்று முகம். சார்ஜ் இருந்து, மெதுவாக மிதித்தால் மோட்டார் மட்டும். சார்ஜ் குறைந்தால், அல்லது மேட்டில் இறுக்கி மிதித்தால், எஞ்சின் விழித்து ஜெனரேற்றரைச் சுற்றும். சக்கரத்தை அப்பவும் மோட்டார்தான் சுற்றும். நெடுஞ்சாலை வேகத்துக்கு வந்தால் ஒரு கிளச் பூட்டிக்கொண்டு எஞ்சின் நேராகவே முன் சக்கரத்தை இழுக்கும். மூன்றும் மாறி மாறி வரும். பல நேரம் உள்ளே இருக்கிறவருக்கு மாறினதே தெரியாது.

இதில் இன்னொரு பொத்தானும் இருக்கிறது: ஓடிக்கொண்டே எஞ்சினால் பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற பொத்தான். "வீட்டில பிளக் இல்லாட்டிலும் பரவாயில்லை, ஓடேக்க தானே சார்ஜ் ஆகும்" என்று சொல்லி விற்பது இதை வைத்துத்தான். பெற்றோலை எரித்து மின்சாரமாக்கி, அதைப் பற்றரிக்குள் வைத்து, திரும்ப எடுத்து ஓடுவது என்பது, உங்கட கிணற்றில் அள்ளின தண்ணியைப் பக்கத்து வீட்டுத் தொட்டியில் ஊற்றி, அங்கிருந்து திரும்ப வாளியில் கொண்டுவந்து குளிக்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிந்தும். தண்ணி என்னவோ அதே கிணற்றுத் தண்ணிதான்.

மண்ணெண்ணெய்க் கார் சொல்லித் தந்த பாடம்

இரண்டு எரிபொருளில் ஓடுகிற வாகனம் யாழ்ப்பாணத்துக்குப் புதிசில்லை. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணில் காண ஏலாது. கொஞ்சப் பெற்றோலைக் காட்டி ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் தொடங்கி மோட்டார் சைக்கிள் வரைக்கும் அப்படித்தான் ஓடின. கதை வேண்டுமெண்டால் வீட்டில் இருக்கிற பெரியாக்களைக் கேளுங்கோ.

அந்தக் காலத்தை நான் புகழ வரவில்லை. புகை, நாற்றம், கெட்டுப்போன எஞ்சின் எல்லாம் அதோடு சேர்ந்து வந்தவை. ஆனால் ஒரு விசயத்தைக் கவனியுங்கோ. எந்த நிமிடம் எது எரிகிறது, போத்தலில் இன்னும் எத்தனை சொட்டு மிச்சம் என்று அந்த ஓட்டுநருக்குத் தெரியும். கலவை அவருடைய கையில் இருந்தது. இன்றைக்குப் பத்து மடங்கு கெட்டிக்கார மிஷினுக்குள் இருக்கிறவருக்கு, போன மாதம் தான் ஓடினதில் எத்தனை வீதம் மின்சாரம் என்று கேட்டால் பதில் தெரியாது. கணினி மாற்றுகிறது, திரையில் பச்சை இலை ஒன்று மின்னுகிறது, மனம் குளிர்கிறது. அந்த அறியாமையில்தான் வியாபாரம் நடக்கிறது.

1.9 லீற்றர் எங்கே இருந்து வந்தது?

இப்ப எண்ணுக்கு வருவோம். ஐரோப்பாவில் அவுட்லாண்டர் விற்கப்பட்டபோது சான்றிதழில் இருந்த அளவு: 100 கிலோமீற்றருக்கு 1.9 லீற்றர், கிலோமீற்றருக்கு 44 கிராம் காபனீரொட்சைட்டு. ஒரு லீற்றருக்கு 50 கிலோமீற்றருக்கு மேல்! 1800 கிலோவுக்கு மேல் நிறையுள்ள, நாலு சக்கரத்தையும் இழுக்கிற ஒரு வாகனத்துக்கு. மோட்டார் சைக்கிளே வெட்கப்பட வேணும்.

இது களவாக எழுதின எண் இல்லை. சட்டம் சொன்ன சூத்திரத்தில் ஒழுங்காகக் கணக்குப் போட்டு வந்த எண். சூத்திரம் இதுதான்: கார் ஆய்வுகூடத்தில் முழுச் சார்ஜில் 52 கிலோமீற்றர் ஓடும், அதற்குப் பெற்றோல் பூச்சியம். பிறகு பற்றரி தீர்ந்த நிலையில் 25 கிலோமீற்றர் ஓடுவார். அதற்கு 100 கிலோமீற்றருக்கு 5.8 லீற்றர் என்ற கணக்கில் 1.45 லீற்றர். பிறகு உடனே வீட்டுக்குப் போய்த் திரும்பச் சார்ஜ் ஏற்றிவிடுவார். மொத்தம் 77 கிலோமீற்றர், 1.45 லீற்றர். வகுத்துப் பாருங்கோ, 1.9 வரும்.

அந்த 25 ஐப் பாருங்கோ. ஒரு சார்ஜுக்கும் மறு சார்ஜுக்கும் நடுவில் 25 கிலோமீற்றர் மட்டும்தான் பெற்றோலில் ஓடுவீர்கள் என்று மேசையில் இருந்து எழுதின ஊகம் அது. எந்த எஞ்சினியரும் காருக்குள் பூட்டின பாகம் இல்லை.

ஊகத்தை மாற்றினால் என்ன நடக்கும்? அதே கார், அதே ஆய்வுகூட அளவுகள். தினமும் 30 கிலோமீற்றர் ஓடி ஒவ்வொரு இரவும் சார்ஜ் ஏற்றுகிறவருக்குப் பெற்றோல் கிட்டத்தட்டப் பூச்சியம்; மின்சாரப் பில்தான் ஏறும். முழுச் சார்ஜோடு கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு 400 கிலோமீற்றர் போகிறவருக்கு முதல் 52 போக மிச்சம் 348 கிலோமீற்றருக்குச் சுமார் 20 லீற்றர் எரியும். 2022இல் கியூஆர் கோட்டுக்கு ஒரு காருக்கு ஒரு கிழமைக்குத் தந்த அளவு அது. ஒரு நாளும் பிளக் குத்தாதவருக்கு 100 கிலோமீற்றருக்கு 5.8 லீற்றர். உண்மையான வீதியில், ஏசியும் போட்டு, பாவிக்காத பற்றரியின் பாரத்தையும் சுமந்துகொண்டு ஓடும்போது அதை விடக் கூடும்.

பூச்சியம், 5, 5.8. ஒரே காரில் மூன்று எண். சான்றிதழில் இருந்ததோ 1.9.

ஐரோப்பா பட்ட பாடு

அந்த எண்ணை நம்பித்தான் ஐரோப்பிய அரசுகள் சலுகையை அள்ளிக் கொடுத்தன. முக்கியமாக நிறுவனங்கள் தங்கட ஊழியருக்குக் கொடுக்கிற கார்களுக்கு. ஊழியர் பிளக்-இன் ஹைபிரிட்டைத் தெரிந்தெடுத்தால் வரி குறையும். பெற்றோலுக்குக் கம்பனியின் அட்டை இருக்கும். வீட்டில் சார்ஜ் ஏற்றினால் பில் பல இடங்களில் ஊழியரின் தலையில் விழும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீங்கள்? அவர்களும் அதைத்தான் செய்தார்கள். திருப்பிக் கொடுக்கப்பட்ட சில கார்களில் சார்ஜ் வயர் உறை பிரிக்காமலே கிடந்தது என்று 2018இல் பிரித்தானியாவில் செய்தி வந்தது. அதே வருடம் அந்த நாடு இந்தக் கார்களுக்கான கொள்வனவு மானியத்தை நிறுத்தியது. ஜேர்மனி 2022 முடிவோடு நிறுத்தியது.

2021இல் இருந்து ஐரோப்பாவில் விற்கப்படுகிற புதுக் கார்களுக்குள்ளேயே ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறது. எவ்வளவு எரிபொருள், எவ்வளவு மின்சாரம் என்று கார் தானே பதிந்து வைக்கும். அந்தப் பதிவுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணைக்குழு 2024இல் அறிக்கை வெளியிட்டது. சாதாரண பெற்றோல், டீசல் கார்கள் சான்றிதழை விட ஏறத்தாழ 20 வீதம் கூடுதலாக எரித்தன. பிளக்-இன் ஹைபிரிட்கள் வெளிவிட்ட காபனீரொட்சைட்டு சான்றிதழை விட 3.5 மடங்கு. 2025இல் இருந்து அந்தக் கணிப்பு முறையைப் படிப்படியாக இறுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு மேல் பொதுப் பணம் போன பிறகு.

"அப்ப பேய்க்காட்டல்தானே?"

இந்த இடத்தில் இரண்டாவது ஆள் துள்ளி எழும்புவார்: "பாத்தியளோ, நான் அப்பவே சொன்னனான்!" இருங்கோ அண்ணை. முழுக்கக் கேளுங்கோ.

போக்குவரத்து ஆய்வு அமைப்பான ஐசிசிடியும் ஜேர்மனியின் பிரௌன்ஹோபர் நிறுவனமும் 2022இல் ஐரோப்பிய ஓட்டுநர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. நிறுவனக் கார்கள் ஓடின தூரத்தில் 11 முதல் 15 வீதம்தான் மின்சாரம். தங்கட காசில் வாங்கித் தங்கட காசில் பெற்றோல் அடிக்கிற தனிப்பட்ட ஆக்களின் கார்களில் 45 முதல் 49 வீதம். தொழில்நுட்பம் ஒன்றுதான், சந்தையும் ஒன்றுதான். பெற்றோலுக்கு யார் காசு கட்டுகிறார் என்பது மட்டும் மாறின இடத்தில் மூன்று மடங்கு வித்தியாசம். இதைப் பார்த்த பிறகும் பிழை மிஷினில்தான் எண்டு சொல்ல ஏலுமோ?

வோல்ட்டைச் செய்த எஞ்சினியர்கள் இன்னொரு பிரச்சினைக்கும் ஆயத்தமாக இருந்தார்கள்: சிலர் பெற்றோலே எரிக்காமல் மாதக்கணக்காக ஓடுவார்கள், ராங்கில் கிடக்கிற பெற்றோல் பழுதாகும், எஞ்சினுக்குள் எண்ணெய் காயும். அதனால் நீண்ட நாள் விழிக்காத எஞ்சினைக் கார் தானே கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கிற ஏற்பாட்டை வைத்தார்கள். அப்படிப்பட்ட சொந்தக்காரருக்கு அது முக்கால்வாசி நேரம் மின்சாரக் கார்தான். வயரை உறையோடு திருப்பிக் கொடுத்தவருக்கு அது பாரம் கூடின பெற்றோல் கார்.

"கறண்டும் நிலக்கரிதானே?" என்கிற கேள்வியும் வரும். நுரைச்சோலையில் நிலக்கரி எரிகிறது, உண்மை. அதே கம்பியில் லக்சபானா, விக்டோரியா நீர் மின்சாரமும் கூரை மேல் சூரியப் படல்களின் மின்சாரமும் சேர்ந்துதான் வருகிறது. அந்தக் கலவை நாளைக்குத் திருந்தினால், ஏற்கெனவே ஓடுகிற காரும் சேர்ந்து திருந்தும். ராங்கில் இருக்கிற பெற்றோல் எந்தக் காலத்திலும் பெற்றோல்தான்.

எங்கட பிளக் எங்கே?

இப்ப இலங்கைக்கு வாங்கோ. இங்கே வாகன வரி பெரும்பாலும் எஞ்சின் சிசியையும் மோட்டார் கிலோவாட்டையும் வயதையும் பார்த்துத் துறைமுகத்திலேயே முடிந்துவிடும். நீங்கள் பிளக் குத்தினீங்களோ என்று பிறகு ஒருத்தரும் கேட்பதில்லை.

யாரால் குத்த முடியும்? தனி வளவும் காணியும் உள்ளவரால் முடியும். வெள்ளவத்தையில் அஞ்சாம் மாடியில் இருக்கிறவருக்கு, கார் நிற்கிற இடத்தில் பிளக் பொயின்ற் இல்லை. அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிறவர் வீட்டுக்காரரின் மீற்றரில் இருந்து வயர் இழுத்துப் பாருங்கோ, அடுத்த மாதம் வேறு அனெக்ஸ் தேட வேண்டி வரும். இளம் ஆக்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டாவது வகைதான். லீசிங்கில் காரை எடுத்து, பிளக்-இன் என்ற பெயருக்காகக் கூடின விலையை மாதாமாதம் கட்டிக்கொண்டு, பெற்றோல் செட்டிலேயே நிற்கப் போறதும் அவர்கள்தான்.

குத்த முடிந்தவர் எப்ப குத்துகிறார் என்பதும் முக்கியம். மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் இடையில்தான் நாட்டின் மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும். எல்லாரும் வேலையால் வந்தவுடன் ஒரே நேரத்தில் கொழுவினால் அந்தச் சுமை எண்ணெய் எரிக்கிற மின் நிலையங்களின் தலையில் விழும். பகலில் நடக்கிறதோ தலைகீழ். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரம் மிஞ்சிப்போச்சு என்று, கூரைச் சூரியப் படல்களைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். சூரியன் தாற மின்சாரத்தை வேண்டாம் என்று அணைக்கிற நாட்டில், அலுவலகத் தரிப்பிடத்தில் பகல் முழுக்க வெயில் காய்கிற கார்கள் பின்னேரம் பெற்றோல் எரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகின்றன. இதற்குத் தொழில்நுட்பத்தில் குறை சொல்ல ஏலாது. தரிப்பிடத்தில் ஒரு பிளக் பொயின்ற் பூட்டுகிற வேலை இது.

ஆகவே கேட்க வேண்டியதை நேராகக் கேட்போம். சலுகை கொடுக்கிறதெண்டால் பெயர்ப் பலகைக்குக் கொடுக்காதேங்கோ, ஓடின மின்சாரத்துக்குக் கொடுங்கோ. வருடா வருடம் வாகன வரி அனுமதிப்பத்திரம் எடுக்க எல்லாரும் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம்தானே? கணக்குப் பதிந்து வைக்கிற கார்களிலாவது அங்கேயே அதை வாசிக்கலாம்: இந்த வருடம் எத்தனை லீற்றர், எத்தனை யூனிற். கூடுதலாக மின்சாரத்தில் ஓடினவருக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம். மாடிக் குடியிருப்புக்கும் அலுவலகத்துக்கும் கட்டட அனுமதி கொடுக்கும்போது தரிப்பிடத்துக்குப் பிளக் பொயின்ற் கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்கலாம். இது செய்யாமல் துறைமுகத்தில் மட்டும் வரியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால், ஐரோப்பா பட்ட அதே பாட்டை நாங்களும் கடன்பட்டுப் படுவோம்.

வாங்கப் போகிறவருக்கும் ஒரு சொல். விற்கிறவர் 1.9 மாதிரி ஒரு எண்ணைக் காட்டினால், "பற்றரி தீர்ந்த பிறகு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?" என்று கேளுங்கோ. பாவித்த கார் என்றால் முழுச் சார்ஜில் இப்ப எத்தனை கிலோமீற்றர் ஓடுது என்று ஓடியே காட்டச் சொல்லுங்கோ. பற்றரிக்கும் வயது போகும். ஒரு நாளைக்கு நீங்கள் எவ்வளவு தூரம் ஓடுவீங்கள் எண்டு எழுதிப் பாருங்கோ. கடைசியாக, உங்கட கார் இரவில் நிற்கப் போகிற இடத்துக்குப் போய்ச் சுவரைப் பாருங்கோ. அதில் பிளக் பொயின்ற் இருந்தால் வாங்கிறதைப் பற்றி யோசியுங்கோ. இல்லையெண்டால் ஒரு நல்ல அக்வா காணும். மிச்சக் காசு உங்கட பையிலேயே கிடக்கட்டும்.